குடிச்சா வரமாட்டேன்

“ரெண்டும் ஒண்ணுதானடா?” என்று அம்மா கேட்டாள்.

மாட்டுப் பொங்கல் அன்று ராத்திரி, பத்தரை மணி இருக்கும். பெங்களூரில் என் அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா விழுந்து கிடந்தார். எட்டு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் குடித்திருந்தார்.

“நீ வருவேன்னு இருந்தாருடா” என்றாள் அம்மா.

“நான் எப்பம்மா வரேன்னு சொன்னேன்? குடிச்சா வரமாட்டேன்னுதான சொன்னேன்.”

அதற்குத்தான் அந்தக் கேள்வி. ரெண்டும் ஒண்ணுதானடா?

இல்லம்மா, ரெண்டும் வேற வேற என்றேன். விளக்கவும் ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே கேட்டுவிட்டது. தண்ணி தெளிச்சுப் பாருங்கம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்த விளக்கத்தை இன்னும் மனதுக்குள் முடித்தபாடில்லை.

நான் சொன்னது எந்தச் சூழலில் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வைகாசியில் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்றும் நேரத்தில் அப்பா வந்தார். எப்படி வந்தார் என்று எழுத இஷ்டமில்லை. சித்தப்பா அவர் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போனார். மாப்பிள்ளையின் அம்மா தன் புடவைத் தலைப்பைச் சரிசெய்வது மாதிரி கீழே பார்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “இனிமே நீங்க குடிச்சா நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்ப்பா.”

அவர் “ம்” என்றார். அம்மா டிபன் பாக்ஸோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

ஆவணி வாக்கில் அம்மா ஃபோனில் ரகசியம் மாதிரிச் சொன்னாள். உங்கப்பா கடைப் பக்கமே போறதில்லடா, மூணு மாசமாச்சு. நல்லதும்மா என்றேன். தீபாவளிக்கு வருவேல்ல என்றாள். பாக்கலாம்மா என்றேன். தீபாவளிக்கு ஆன்-கால் என் தலையில். பொங்கலுக்கு ஒரு ரிலீஸ். போகவில்லை.

இனி லாஜிக். இன்ஜினியரிங் முதல் வருடத்திலேயே மெய்ப்பட்டியலை மனப்பாடம் செய்யவைத்து விடுவார்கள். ‘அ என்றால் ஆ’ என்ற வாக்கியம் ஒரே ஒரு நிலையில்தான் பொய்யாகும்: அ நடந்து, ஆ நடக்காதபோது. மற்ற மூன்று நிலைகளிலும் அது மெய். அதாவது அ நடக்கவே இல்லையென்றால், ஆ நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி, சொன்னவன் மீது குற்றமில்லை. அப்பா குடிக்கவில்லை. நான் போகவில்லை. என் வாக்கியம் மெய்யாகவே இருக்கிறது. ஒரு சின்னக் கீறல்கூட விழவில்லை.

கோட் எழுதுகிறவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. ஒரு இஃப் எழுதி அதற்கு எல்ஸ் எழுதாமல் விட்டால், நிபந்தனை பொய்யாகும்போது கம்ப்யூட்டர் ஒன்றும் செய்யாது. அடுத்த வரிக்குப் போய்விடும். எழுதாத எல்ஸை அது ஊகித்துக்கொள்ளாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்காது.

ஆனால் மனிதர்கள் அப்படிக் கேட்பதில்லை என்பதை மொழியியலாளர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். 1971ல் மைக்கேல் கைஸ், ஆர்னால்ட் ஸ்விக்கி என்ற இருவர் (சாப்பாடு கொண்டுவரும் ஸ்விக்கி இல்லை) சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை எழுதினார்கள். புல்லை வெட்டினால் ஐந்து டாலர் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், வெட்டாவிட்டால் ஐந்து டாலர் இல்லை என்றும் சேர்த்தே நாம் கேட்டுக்கொள்கிறோம். வாக்கியத்தில் அது இல்லை. லாஜிக்கிலும் இல்லை. வெட்டாதவனுக்கும் அவன் மனமிரங்கிப் பணம் தரலாம், அப்போதும் அவன் பொய் சொன்னவன் ஆகமாட்டான். ஆனாலும் நாம் அப்படித்தான் கேட்கிறோம். அந்த இன்னொரு பாதி அழைப்பு வைத்து வரவழைத்த விருந்தாளி என்கிற அர்த்தத்தில் அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். யார் அழைத்தது? சொன்னவன்தான். அதைப் படித்தபோது, இதையும் அப்பாவையும் சேர்த்து யோசிக்காமலிருக்க முயன்றேன்.

தமிழில் இந்த விஷயம் இன்னும் அழகாகவும் இன்னும் ஆபத்தாகவும் இருக்கிறது. எல்லாம் ஒரு சின்ன விகுதியில் தொங்குகிறது. கூப்பிட்டால் வருவேன். கூப்பிட்டால்தான் வருவேன். கூப்பிட்டாலும் வரமாட்டேன். மூன்றும் மூன்று விதமான உறவு. முதலாவதில் கதவு திறந்திருக்கிறது, கூப்பிடாமலே வரவும் இடமுண்டு. இரண்டாவதில் ஒரு வீம்பு. மூன்றாவதில் ஏதோ முடிந்துபோயிருக்கிறது. ‘தான்’, ‘உம்’ என்ற இரண்டு துணுக்குகள் இவ்வளவு வேலை செய்கின்றன.

நான் சொன்னது ‘குடிச்சா வரமாட்டேன்’. அப்பா கேட்டது ‘குடிச்சாத்தான் வரமாட்டேன்’. ஒரு ‘தான்’ வித்தியாசம். அந்தத் ‘தானை’ அவராகச் சேர்த்துக்கொண்டு, அதன்மேல் எட்டு மாதம் நின்றார்.

இதைத் தேடப்போன இடத்தில் இன்னொன்றும் கிடைத்தது. நாம் எதற்கெடுத்தாலும் போடுகிற ‘ஆனால்’ என்ற சொல்லே ஒரு நிபந்தனைதான். ஆகு என்ற வினையோடு அதே ‘ஆல்’. ‘அப்படி ஆகுமென்றால்’ என்பதுதான் அதன் பழைய உடம்பு. அந்த உடம்போடு இன்னும் உயிரோடு இருக்கிற ஒரு வாக்கியம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. கல்யாணம் ஆனா சரியாயிடுவான். எங்கள் அம்மாச்சியிடம் அப்பாவைப் பற்றி அப்படித்தான் சொல்லிப் பெண் கேட்டார்களாம். சொன்னது யார் என்று இன்றுவரை தகராறு. ஒரு பெண்ணின் நாற்பது வருடத்தை எழுதிக்கொடுத்த வாக்கியத்துக்குக் கையெழுத்துப் போட்ட ஆள் இல்லை.

எல்லா ‘ஆல்’களும் நிபந்தனை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஜே. எல். ஆஸ்டின் என்ற தத்துவவாதி 1956ல் பிஸ்கட்டை வைத்து இதைச் சொன்னார். நம் வீட்டுக் கணக்கில் இட்லி. ‘பசிச்சா ஹாட்பாக்ஸ்ல இட்லி இருக்கு.’ எனக்குப் பசிக்கவில்லை என்றால் இட்லி மறைந்துவிடுமா? இருக்கும். இங்கே ‘பசிச்சா’ என்பது இட்லிக்கான நிபந்தனை இல்லை, அம்மா அந்தச் செய்தியை நீட்டுகிற விதம். அம்மா பேசுவதில் பாதி இந்த ரகம். ‘நீ வந்தா, உன் ரூமுக்கு வெள்ளை அடிச்சு வெச்சிருக்காரு’ என்று மார்கழியில் சொன்னாள். வந்தாலும் வராவிட்டாலும் வெள்ளை அடித்தாகிவிட்டது. அதை நான் வெறும் தகவலாகக் கேட்டுக்கொண்டேன்.

சட்டத்துக்கு நான் வந்தது வேலை வழியாக. இன்சூரன்ஸ் க்ளெய்ம்களை அலசும் மென்பொருள் எங்களுடையது. பாலிசியில் இருக்கிற நிபந்தனைகளை விதிகளாக மாற்றி எழுதுவது என் வேலை. இத்தனை மணி நேரத்துக்குள் தெரிவித்திருந்தால், இந்த நோய் முன்பே இல்லாதிருந்தால், இந்தப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியாக இருந்தால். ஒருநாள் ஒரு சந்தேகத்துக்காக 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் திறந்தேன். திறந்த பிறகு வேலை நடக்கவில்லை.

31ஆவது பிரிவில் நிபந்தனை ஒப்பந்தத்துக்கு உதாரணமாக ஒரு வீடு எரிகிறது. எரிந்தால் 10,000 ரூபாய். இது நாங்கள் தினமும் செய்வது, சரி. 36ஆவது பிரிவுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நடக்கவே முடியாத நிகழ்ச்சியை நிபந்தனையாக வைத்தால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது அது. இரண்டு உதாரணங்கள். இரண்டு நேர்கோடுகள் சேர்ந்து ஓர் இடத்தை அடைத்தால் 1,000 ரூபாய் தருவதாக ஒருவர் ஒப்புக்கொள்கிறார். அடுத்தது, என் மகளை நீ கல்யாணம் செய்துகொண்டால் 1,000 ரூபாய் என்று ஒருவர் சொல்கிறார். சொல்லும்போது மகள் இறந்துபோயிருந்தாள். ஜியோமெட்ரியும் செத்த மகளும் ஒரே பிரிவில், ஒரே தொகைக்கு. எழுதியவர்கள் எந்த முகத்தோடு எழுதினார்களோ.

34ஆவது பிரிவு இன்னும் கொடுமை. உயிரோடிருக்கும் ஒருவர் இனி எப்படி நடந்துகொள்வார் என்பது நிபந்தனையாக இருந்தால், அது எப்போது நடக்க முடியாததாகிவிட்டது என்று முடிவு செய்வது? உதாரணத்தில் ஒருவன் ஒரு பெண்ணை மணந்தால் அவனுக்குப் பணம் என்று பேச்சு. அந்தப் பெண் வேறொருவனை மணந்துவிடுகிறாள். அவ்வளவுதான், இனி நடக்காது என்று சட்டம் கோடு போடுகிறது. அந்தக் கணவன் செத்து, அவள் மறுபடி இவனை மணக்க வாய்ப்பிருக்கிறதே என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டு, இருந்தாலும் நடக்காது என்றே வைத்துக்கொள் என்கிறது. சட்டத்தால் காத்துக்கொண்டே இருக்க முடியாது. கணக்கை மூடியாக வேண்டும்.

சட்டம் படிக்கிறவர்கள் முதலில் கேள்விப்படும் வழக்குகளில் ஒன்று 1892ல் இங்கிலாந்தில் தீர்ப்பான கார்லில் வழக்கு. கார்பாலிக் புகை உருண்டை என்று ஒன்றை ஒரு கம்பெனி விற்றது. மூக்கில் வைத்து இழுக்க வேண்டும். சொன்னபடி தினம் மூன்று தடவை, இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று பத்திரிகையில் விளம்பரம். எங்கள் சொல்லுக்கு அத்தாட்சியாக 1,000 பவுண்டை வங்கியில் போட்டு வைத்திருக்கிறோம் என்றும் அதிலேயே இருந்தது. லூயிசா கார்லில் என்ற பெண்மணி வாங்கி, சொன்னபடி இழுத்தார். இன்ஃப்ளூயன்சா வந்தது. கம்பெனி கையை விரித்தது. அது சும்மா விளம்பரத்துக்குச் சொன்னது, ஊர் உலகத்தோடெல்லாம் ஒப்பந்தம் போட முடியுமா என்றது. நீதிபதிகள் ஏற்கவில்லை. அந்த விளம்பரத்தைப் படிக்கும் சாதாரண ஆள் அதை எப்படிப் புரிந்துகொள்வானோ அதுதான் அர்த்தம் என்று பார்த்தார்கள். சும்மா சொன்னது என்றால் வங்கியில் பணம் எதற்கு? கார்லில் அம்மையாருக்கு 100 பவுண்டு கிடைத்தது. 1942ல், 96 வயதில்தான் இறந்தார். டாக்டர் எழுதிய காரணங்களில் முதுமையோடு இன்ஃப்ளூயன்சாவும் இருந்தது.

சாதாரண ஆள் எப்படிப் புரிந்துகொள்வான் என்பதுதான் என் தொண்டையில் மாட்டியது. இன்சூரன்ஸில் இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு விதியும் உண்டு. வாசகம் இரண்டு மாதிரி அர்த்தம் தந்தால், அதை எழுதியவனுக்கு எதிராகப் படி. வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்தது அவன், தெளிவாக எழுதியிருக்க வேண்டியதும் அவன். எங்கள் விதிகளில் ஒவ்வொரு எல்ஸையும் எழுதச்சொல்லி ஜூனியர்களை நான் திட்டுவது இதனால்தான்.

ஆனால் என்னை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு வழக்கு, நியூயார்க்கில் நடந்தது. 1869 மார்ச் மாதம், ஒரு குடும்பத்தில் தாத்தா பாட்டியின் ஐம்பதாவது கல்யாண நாள். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கிற இடத்தில் வில்லியம் ஸ்டோரி என்பவர் தன் பெயரையே கொண்ட பதினைந்து வயதுத் தம்பி மகனிடம் சொல்கிறார்: இருபத்தொரு வயது ஆகும்வரை நீ குடிக்காமல், புகையிலை தொடாமல், கெட்ட வார்த்தை பேசாமல், பணம் வைத்துச் சீட்டோ பில்லியர்ட்ஸோ ஆடாமல் இருந்தால் 5,000 டாலர் தருகிறேன். பையன் இருந்தான். 1875ல் இருபத்தொன்று ஆனதும் பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதினான். பணம் இருக்கிறது, உனக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் பக்குவம் வரட்டும், அதுவரை வைத்திருக்கிறேன் என்று அவர் பதில் எழுதினார். தராமலே 1887ல் இறந்துபோனார்.

வழக்கு 1891ல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. பெரியப்பாவின் சொத்தை நிர்வகித்தவர் தரப்பு வாதம் புத்திசாலித்தனமானது. குடிக்காமல் இருந்ததில் பெரியப்பாவுக்கு என்ன லாபம்? லாபம் முழுக்கப் பையனுக்குத்தானே, அவன் உடம்புதானே நன்றாக இருந்தது? எதையும் கொடுக்காதவனுக்கு எதற்குப் பணம்? நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது. குடிப்பதும் புகைப்பதும் அவனுக்குச் சட்டப்படி இருந்த சுதந்திரம். இன்னொருவர் சொல்லை நம்பி அதை விட்டுக்கொடுத்தான். அது அவனுக்கு நல்லதா கெட்டதா என்பது நம் கவலை இல்லை. விட்டுக்கொடுத்ததே விலை.

நம் 1872 சட்டத்திலும் இது இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக இன்னொருவர் ஒன்றைச் செய்யாமல் இருப்பதும் கைம்மாறுதான்.

அப்பா பூட்டுப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பட்டறை விட்டதும் கடை, அப்புறம் வீடு. அதுதான் அவர் சாயங்காலம். பட்டறையை விட்டு நின்ற பிறகும் ஆறு மணி ஆனால் கால் தானாகப் போகும். அந்த எட்டு மாதம் என்ன செய்தார் என்று அம்மா அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முதல் இரண்டு வாரம் கை நடுங்கி டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. ராத்திரியெல்லாம் வேர்த்து, எழுந்து உட்கார்ந்து கொள்வார். அப்புறம் சாயங்காலமானால் மலைக்கோட்டைப் பக்கம் நடந்துபோய், கால் கிலோ கடலை வாங்கி, தின்று முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவாராம். கூட்டாளிகள் வீட்டுக்கே வந்து கேலி செய்தார்கள். ‘பையன் வரான், இல்ல’ என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். வரான். வருவானான்னு பாக்கலாம் இல்லை, வந்தா பாக்கலாம் இல்லை. வரான்.

லாபம் அவருக்குத்தானே, அவர் உடம்புதானே என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். நியூயார்க் வக்கீல் சொன்ன அதே வாதம். பீஸ் வாங்காமலே என் தரப்புக்கு வாதாடியிருக்கிறார்.

சட்டத்தில் எனக்குத் தப்பிக்க வழியும் இருக்கிறது, அதையும் பார்த்தேன். 1919ல் பால்ஃபர் வழக்கு. கணவர் இலங்கையில் நீர்ப்பாசனத் துறை இயக்குநர், ஒரு இன்ஜினியர். மனைவி உடம்பு சரியில்லாமல் இங்கிலாந்தில் தங்க வேண்டியிருந்தது. மாதம் 30 பவுண்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். அப்புறம் பிரிந்தே இருக்கலாம் என்று கடிதம் எழுதினார். அவள் வழக்குப் போட்டு, கடைசியில் தோற்றாள். புருஷன் பெண்டாட்டிக்குள் பேசிக்கொள்வதையெல்லாம் ஒப்பந்தமாக நினைத்து யாரும் பேசுவதில்லை, நீதிமன்றம் அதற்குள் நுழையாது என்றார்கள். நம் சட்டத்தில் பாசத்துக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள். நெருங்கிய சொந்தத்துக்குள், அன்பின் காரணமாக, கைம்மாறு இல்லாமல் கொடுத்த வாக்கும் செல்லும். ஆனால் எழுதி, பத்திரப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து, அப்பா மகன் பாசத்துக்குக் கைரேகை வைக்கிற காட்சியை நினைத்துச் சிரித்தேன். ஆக, ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னது எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. அவர் கேட்டதும் நிற்காது.

சட்டம் வீட்டு வாசலோடு நின்றுகொள்கிறது. சரி, உள்ளே எது நடைமுறையில் இருக்கிறது?

எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்க் காசு ஒன்று, நான் ஏழாவது படிக்கும்போதிலிருந்து இருந்தது. முருகா, அவர் குடியை விட்டா பழனிக்கு நடந்து வரேன். அம்மாவின் வேண்டுதல். இதை நாம் நேர்த்திக்கடன் என்கிறோம். கடன் என்ற சொல்லை யார் சேர்த்தார்களோ, ஒப்பந்தச் சட்டம் தெரிந்தவர்கள். எதிர்த்தரப்பு முதலில் செய்யவேண்டும், செய்த கணம் நாம் கடனாளி. காசை முடிந்து வைப்பது புகை உருண்டைக் கம்பெனி 1,000 பவுண்டை வங்கியில் போட்ட மாதிரிதான். சும்மா சொல்லலை சாமி, இதோ அத்தாட்சி. ஒரே வித்தியாசம், கம்பெனி அப்புறம் கையை விரித்தது.

அந்தப் பொங்கல் முடிந்து தைப்பூசத்துக்கு அம்மா கிளம்பிவிட்டாள். தெருவில் போகிற கூட்டத்தோடு, திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், 58 வயதில், அந்த முழங்காலோடு. எனக்குத் தகவல் கிளம்பின பிறகுதான் வந்தது. கூட்டத்தில் வந்த ஒரு அக்காவின் ஃபோனில் பிடித்தேன்.

“எதுக்கும்மா இப்ப? அவருதான் மறுபடி ஆரம்பிச்சுட்டாரே.”

“எட்டு மாசம் குடுத்தாருல்லடா முருகன். வாங்கிக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?”

“விட்டாதானம்மா வேண்டுதல்? விட்டான்னா முழுசா விடணும்.”

பின்னால் யாரோ அரோகரா போட்டார்கள். அது அடங்கும்வரை அவள் பேசவில்லை.

“வேண்டிக்கும்போது எத்தன மாசம்னு நான் சொல்லலயேடா. சொல்லாம விட்டது என் தப்பு. அதுக்கு சாமிய ஏமாத்த முடியுமா?”

என் பதினொரு வருட அனுபவத்தில் இதைவிடச் சுத்தமாக அந்த விதியை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எழுதியவனுக்கு எதிராகப் படி. அவள் எட்டாவது வரை படித்தவள். தன் வாக்கியத்தில் இருந்த ஓட்டையைத் தனக்கு எதிராகப் படித்துக்கொண்டு, இரண்டு நாள் நடந்து, காலில் கொப்புளத்தோடு மலை ஏறினாள். என் வாக்கியத்தில் இருந்த ஓட்டை வழியாக நான் பெங்களூரில் உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டை என்று இப்போது சொல்கிறேன். அப்போதே அது ஓட்டை என்று தெரியும். ஆவணியில் அம்மா ஃபோனில் சொன்னபோதே அப்பா எதற்காக விட்டார், எதை எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு ரிலீஸ் இருந்தது உண்மை. மாற்றிக்கொள்ளத் தயாராக ஒரு பீகார் பையன் இருந்ததும் உண்மை, அவனே வந்து கேட்டான், உனக்குப் பண்டிகை இல்லையா என்று. நான்தான் வேண்டாம் என்றேன். போகாமலிருப்பது பழகிவிட்டிருந்தது. வீட்டுக்குப் போகாமலிருக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது, அது ஊரே ஒப்புக்கொள்கிற காரணம். அப்பா குடிக்கிறார். அவர் அதை நிறுத்தியதும் என் காரணம் போய்விட்டது. அது எனக்குச் சந்தோஷமாக இல்லை. இதை எழுத இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

சில நிபந்தனைகள் நிறைவேறக்கூடாது என்றே வைக்கப்படுகின்றன. இரண்டு நேர்கோடுகள் ஓர் இடத்தை அடைத்தால் 1,000 ரூபாய் என்கிறவன் ஒரு பைசாவும் தர நினைக்காதவன். அப்பா குடியை விடுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மாசியில் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டாள் என்று போனேன். அப்பா அப்போது குடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆக, நான் நிஜமாகவே சொன்ன அந்த ஒரே வாக்கைக் கடைசியில் மீறினேன். குடித்தார், வந்தேன். மெய்ப்பட்டியலில் அந்த ஒரே ஒரு பொய் வரி. அப்பா அதைச் சுட்டிக்காட்டவில்லை. ரூமைத் திறந்துவிட்டார். வெள்ளை அடித்த சுவரில் ஸ்விட்ச் போர்டைச் சுற்றி மட்டும் பிரஷ் படாமல் பழைய நீலம் தெரிந்தது. நடுங்குகிற கையால் ஷாக் அடித்துவிடும் என்று விட்டிருப்பார்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று தடவை போய்வந்தேன். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் என்கிறாள் அம்மா. நான் ஒன்றும் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை. எப்ப வரட்டும் என்றால், ‘வந்தா வா’ என்பார். தமிழில் நிபந்தனை வாக்கியம் இதற்குமேல் மெலிய முடியாது. இரண்டு பக்கமும் ஒரே வினை. யாரையும் கட்டாது, எதையும் எதிர்பார்க்காது, எந்தத் ‘தானையும்’ சேர்த்துக்கொள்ள இடம் கொடுக்காது. ஒருமுறை சேர்த்துச் சூடுபட்டவர் கண்டுபிடித்துக்கொண்ட வாக்கியம் அது.

போன வாரம் பொங்கலுக்கு டிக்கெட் போட்டேன். புக்கிங் திறந்து சில நிமிஷத்தில் எல்லாம் போய்விட்டது. ராத்திரி அப்பாவைக் கூப்பிட்டேன். அம்மாவை இல்லாமல் நேராக அவரைக் கூப்பிடுவது அபூர்வம், அதனால் முதலில் பயந்துவிட்டார்.

“ஒண்ணும் இல்லப்பா. பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருக்கேன்.”

“கன்ஃபார்மா?”

“வெயிட்டிங் லிஸ்ட்.”

டிவி சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

“ஆகலன்னா?” என்றார்.

“ஆகலன்னாலும் வரேன்ப்பா.”

“ம்” என்றார்.